தி ஆபீஸ் 9வது சீசன்ல அந்தப் பண்ணை எபிசோட் மட்டும் ஏன் ஒட்டவே மாட்டேங்குது?

தூக்கம்கெட்டவன்:
தி ஆபீஸ்ங்கற அமெரிக்க காமெடி சீரியல இப்பதான் முதல் தடவையா பாத்துட்டு வரேன், கடைசி சீசன் வந்தாச்சு. அதுல "தி ஃபார்ம்"னு ஒரு எபிசோட், ஆபீஸ்ல வேலை பாக்கற ட்வைட்டோட அத்தை செத்துப்போறாங்க, கூடப்பொறந்தவங்கன்னு இதுவரைக்கும் மூஞ்சியே காட்டாத ரெண்டு பேர் வந்து நிக்கறாங்க, எல்லாரும் சேந்து விவசாயம் பாத்தாதான் பண்ணை உங்களுக்குன்னு உயில் வேற. ஜிம், பாம் மாதிரி மெயின் ஆளுங்க எல்லாம் எங்கயோ ஓரமா. ஏதோ வேற சீரியலோட மொத எபிசோட பாத்த மாதிரி இருந்துச்சு. எனக்கு மட்டும்தான் அப்படி தோணுதா?

சேனல்மாத்தி:
கரெக்டா புடிச்சிட்டீங்க, அது வேற சீரியலோட மொத எபிசோட்தான் 😄 பேக்டோர் பைலட்னு சொல்லுவாங்க, அதாவது புது சீரியலுக்கான சோதனை எபிசோட (பைலட்) ஓடிட்டு இருக்க சீரியலுக்குள்ளயே நுழைக்கறது. ட்வைட்ட ஹீரோவா வச்சு தனி சீரியல் பண்றதா ப்ளான். டோபியா வர்றாரே பால் லீபர்ஸ்டீன், அவர்தான் அத நடத்தறதா இருந்துச்சு, அதுக்காகவே ஆபீஸ் சீரியல மொத்தமா நடத்தற ஷோரன்னர் பொறுப்ப விட்டுட்டு போனாரு. ஆனா 2012 அக்டோபர்லயே என்பிசி சேனல் வேணாம்னுட்டாங்க. எடுத்தத தூக்கிப்போட மனசில்லாம புது சீன் கொஞ்சம் எடுத்து ஒட்டவச்சு 2013 மார்ச்ல போட்டாங்க. பழைய சேல்ஸ்மேன் பாக்கர் கப்கேக்கோட ஆபீசுக்கு வர்ற போர்ஷனும் பண்ணைக் கதையும் ரெண்டு தனித்தனி எபிசோட் மாதிரி இருக்கறது அதனாலதான்.

ஏன் இப்படி சுத்தி வளைக்கறாங்கன்னா காசுதான். தனியா ஒரு பைலட் எடுத்து சேனல் வேணாம்னுட்டா போட்ட பணம் போச்சு, பெரும்பாலும் ஜனங்க கண்ணுலயே படாது. ஓடிட்டு இருக்க ஷோக்குள்ள நுழைச்சுட்டா புதுசு வராட்டியும் அந்த வாரத்துக்கு ஒரு எபிசோட் ஆச்சு, ஏற்கனவே பாக்கற கூட்டமும் ரெடியா இருக்கு.

பழையடிவி:
இந்த விஷயத்துல கோல்டன் கேர்ள்ஸ அடிச்சுக்க ஆளே இல்ல, நாலு வயசான பொம்பளைங்க ஒரே வீட்டுல இருக்கற காமெடி சீரியல் அது. 1987ல ரெண்டாவது சீசன் கடைசி எபிசோட், பேரு "எம்ப்டி நெஸ்ட்ஸ்". திடீர்னு பக்கத்து வீட்டுல ஒரு ஜோடி, பால் டூலி, ரீட்டா மொரேனோ (ஆஸ்கர் வாங்குனவங்க!), என்னமோ பல வருஷமா பழக்கம் மாதிரி வந்து உக்காந்து பேசறாங்க, நம்ம நாலு பேரும் சொந்த வீட்டுலயே விருந்தாளி மாதிரி தலையாட்டிட்டு இருக்காங்க. யாருக்கும் புடிக்கல. அப்புறம் பண்ணதுதான் வேடிக்கை, அந்த ஜோடியவே தூக்கிட்டு, பொண்டாட்டிய இழந்த ஒரு குழந்தைகள் டாக்டர், வளந்த பொண்ணுங்க, ஒரு பெரிய நாய்னு மொத்தமா மாத்தி 1988ல "எம்ப்டி நெஸ்ட்"னு விட்டாங்க, அது ஏழு சீசன் ஓடுச்சு. அதாவது செத்தது பைலட், பொழச்சது தலைப்பு.

நடுராத்திரி_ரிமோட்:
எல்லாத்தையும் மொக்கைன்னு தள்ளிடாதீங்க பாஸ். பிரேடி பன்ச்னு ஒரு குடும்ப காமெடி சீரியல், அதுல "கெல்லிஸ் கிட்ஸ்" எபிசோட் பாருங்க, 1974. புருசன் பொண்டாட்டி ஒரு பையன தத்தெடுக்கறாங்க, அவனோட ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர விட்டுட்டு வந்தது மனசு கேக்காம அவங்களையும் கூட்டிட்டு வந்துடறாங்க. ஒருத்தன் வெள்ளை, ஒருத்தன் கருப்பு, ஒருத்தன் ஆசியன். பக்கத்து வீட்டம்மாவுக்கு அது பொறுக்கல. அந்தக் காலத்து சாட்டர்டே கார்ட்டூன் மாதிரியான ஒரு ஷோக்குள்ள இப்படி ஒரு கதை! ஆனா அரை மணி நேரத்துல தத்தெடுப்பு, நட்பு, நிறவெறி, சமாதானம் எல்லாத்தையும் முடிக்கணும்னா எப்படி முடியும், சிரிக்கக்கூட நேரமில்ல. பிரேடி பன்ச்ச உருவாக்குன ஷெர்வுட் ஷ்வார்ட்ஸ் அத விடல, 1986ல அதே ஐடியாவ "டுகெதர் வி ஸ்டாண்ட்"னு கொண்டு வந்தாரு, அதுவும் நிக்கல.

என்னோட கணிப்பு, சிட்காம்ங்கற இந்த அரை மணி நேர காமெடி சீரியல், பழகிப்போன ஆளுங்கள பாக்க வர்றது. அந்த அரை மணி நேரத்த புது ஆளுங்க கையில குடுத்தா, அவங்க எவ்வளவு நல்லா பண்ணாலும் நமக்கு கடுப்புதான் வரும்.

பழையடிவி:
ஒத்துக்கறேன். ஸ்கூல் பொண்ணுங்கள வச்சு வந்த ஃபேக்ட்ஸ் ஆஃப் லைஃப் சீரியல் இன்னும் கொடுமை, 1988ல ஷோவோட கடைசி எபிசோடயே அடுத்த சீரியலுக்கு விளம்பரமா ஆக்கிட்டாங்க, அந்தப் பொண்ணுங்கள்ல ஒருத்தியான ப்ளேர் தன்னோட பழைய ஸ்கூல வாங்கி நடத்தறாளாம். ஒம்பது சீசன் பாத்தவனுக்கு குடுத்த வழியனுப்பு அது. அந்தப் புது சீரியலும் வரல. ஆனா அந்த ஸ்கூல் மாணவர்களா நடிச்சதுல யாரு இருக்காங்கன்னு பாருங்க: சேத் கிரீன், ஜூலியட் லூயிஸ், அப்புறம் பிக் பேங் தியரில ஏமியா வந்த மாயிம் பியாலிக்!

தூக்கம்கெட்டவன்:
அடேங்கப்பா. அப்ப இந்த மாதிரி எபிசோட் வந்தா ஸ்கிப் பண்ணிடலாமா? இனிமே எந்த சீரியல்ல எந்த எபிசோட எடுத்தாலும் சந்தேகமாவே இருக்கும் போல.

சேனல்மாத்தி:
ஃபார்ம ஸ்கிப் பண்ணிடாதீங்கன்னு சொல்ல வந்தேன், நீங்கதான் பாத்துட்டீங்களே. செத்தவங்க நெஜமாவே செத்துட்டாங்களான்னு உறுதி பண்ணிக்க ட்வைட் சவப்பெட்டிக்குள்ள துப்பாக்கியால சுடற சீன் ஒண்ணு போதும். மத்ததுக்கு சுலபமான டெஸ்ட் இருக்கு, எபிசோட் ஆரம்பிச்சு பத்து நிமிஷம் ஆகியும் உங்க ஹீரோ யாரோ ஒருத்தரோட குடும்பப் பிரச்சினைய நின்னு கேட்டுட்டு இருந்தார்னா, அது அதேதான்.