மேல்வரம்பு வெளியீடு: பழைய வழங்கிகளுக்கான ஒரு கலைச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு வழங்கி ஏற்கக்கூடிய இயங்குதள வெளியீடுகளுள் மிக உயர்ந்ததைக் 'கடைசி வெளியீடு' என்று குறிக்கலாம் என நண்பர் ஒருவர் முன்மொழிந்திருந்தார். பேச்சில் இது போதும்; கொள்முதல் குறிப்பில் எழுதினால் சிக்கல்தான். 'கடைசியாக வந்தது' என்றாலே நமக்குப் புத்தம் புதியதுதான் நினைவுக்கு வரும். சிங்கப்பூரின் ஜூரோங்கில் பவர்6 520 வழங்கியை (ஐபிஎம்மின் பவர்6 தலைமுறைச் செயலி கொண்ட பழைய பெட்டி) இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் கிடங்கொன்றின் கொள்முதல் அதிகாரி, 'கடைசி வெளியீட்டை நிறுவவும்' என்ற வரியைப் படித்தால், அவ்வழங்கிகளுக்கான ஐபிஎம் ஐ இயங்குதளத்தில் 2025இல் வந்த 7.6க்கே விலை கேட்பார். அதற்குக் குறைந்தது பவர்10 தலைமுறை வழங்கி வேண்டும். அவரிடமுள்ள பெட்டியோ 7.2க்கு மேல் ஏறாது. 'இறுதி வெளியீடு' என்பது சோதனை வெளியீட்டின் எதிர்ச்சொல்லாக ஏற்கெனவே புழங்குகிறது. 'உச்ச வெளியீடு' என்றால் விளம்பரம் போல ஒலிக்கிறது.

ஆகவே 'மேல்வரம்பு வெளியீடு' என்று பரிந்துரைக்கிறேன். வரம்பு என்றதும் எதனுடைய வரம்பு என்ற கேள்வி எழும். அது எழுவதே நல்லது, ஏனெனில் இந்த வரம்பு மென்பொருளுக்கு உரியதன்று, பெட்டிக்கு உரியது. 7.1க்குப் பவர்5, 7.2க்குப் பவர்6, 7.3க்குப் பவர்7, 7.4க்குப் பவர்8 எனக் குறைந்தபட்சத் தேவை ஒவ்வொரு தலைமுறையாக உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. இணையாகக் 'கீழ்வரம்பு வெளியீடு' என்ற சொல்லும் நமக்குக் கிடைத்துவிடுகிறது: பவர்6 520இல் வி5ஆர்4க்கு (6.1க்கு முன்வந்த வெளியீடு) முந்தைய எதுவும் இயங்காது. (வி5ஆர்4 என்பதில் ஐந்து பதிப்பையும் நான்கு வெளியீட்டையும் குறிப்பதால், இவ்விரு சொற்களையும் மாற்றி மாற்றி எழுதும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.)

மேல்வரம்பு என்பது பாதுகாப்புக்கான உறுதி அன்று. 7.2க்கான வழக்கமான ஆதரவு 2021 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. ஆயினும் பழைய பெட்டியை மேல்வரம்புவரை ஏற்றிவைப்பதே சரி என்பேன், ஏனெனில் 7.2 பவர்8இலும் இயங்கும்; பின்னர் பவர்8 வழங்கிக்கு மாறினால், 7.2இலிருந்து 7.4க்கு நேரடியாகவே போகலாம்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. வி5ஆர்4இல் இருப்பவர் 7.2க்கு ஒரே தாவலில் போக முடியாது, 6.1 அல்லது 7.1 வழியாகத்தான் போக வேண்டும். இதற்கு 'இடைப்படி வெளியீடு' எனலாமா? உண்மையான வேலை முழுவதும் இந்தப் படியில்தான் இருக்கிறது: 6.1க்குள் நுழையும்போது பழைய நிரல்கள் அனைத்தும் புதிய வடிவத்துக்கு மாற்றப்பட வேண்டும் என்பதால், உருவாக்கத் தரவு (நிரலை மறுபடி உருவாக்க அதனுள்ளேயே வைக்கப்படும் தகவல்) நீக்கப்பட்ட நிரல்களுக்கு மூல நிரல் கைவசம் இல்லையென்றால் அவை அங்கேயே நின்றுவிடும். எனவே வி5ஆர்4இல் இருக்கும்போதே நிரல்களை ஆராயும் பகுப்பாய்வுக் கட்டளையை (ANZOBJCVN) ஓட்டி, எவை மாறும், எவை மாறாது என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

'இடைப்படி' என்பது பயணப்படியை நினைவூட்டுவதாக யாரேனும் கருதினால், மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.