எஸ்தடீஷியன் (தோல் பராமரிப்பு நிபுணர்) தேர்வு: கால்வானிக் பாடத்தில் சிக்கி நிற்கிறேன்

அக்காமார்களுக்கு வணக்கம். கலிபோர்னியாவில் 600 மணி நேரப் பயிற்சி முடித்துவிட்டேன். லைசென்ஸுக்கு எழுத்துத் தேர்வு மட்டும் பாக்கி. 2022 முதல் அங்கே செய்முறைத் தேர்வு கிடையாது. கேட்க நிம்மதிதான், ஆனால் கைவேலையை நம்பியிருந்த என் மாதிரி ஆளுக்கு அதுதான் வினை. தமிழில் எழுதவும் வழியில்லை. இப்போது காரைக்குடியில் ஆத்தா வீட்டில் இருந்து படிக்கிறேன். தை கடைசியில் திரும்ப வேண்டும்.

தோல் அடுக்குகள், கிருமிநீக்கம் எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. மாட்டுவது மின்சாரம், அதிலும் கால்வானிக் (ஒரே திசையில் ஓடும் லேசான மின்சாரத்தை முகத்தில் செலுத்தும் முறை). எண்ணெய்ப் பிசுக்கை இளக்கக் காரக் கரைசல் தடவினால் முகத்தில் நெகட்டிவ் முனை. அமிலத்தன்மையுள்ள சீரம் உள்ளே போகப் பாசிட்டிவ். இதுவரை சரி. கேள்வியைத் திருப்பி, "வாடிக்கையாளர் கையில் பிடித்திருப்பது எது?" என்றால் தடுமாறுகிறேன். ஹை ஃப்ரீக்வன்சியில் (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) இப்படி முனை பார்க்க வேண்டாம் என்பதும் அவசரத்தில் மறந்துவிடுகிறது.

அட்டை எழுதி வளவுத் தூணெல்லாம் ஒட்டிவிட்டேன் (அப்பத்தா திட்டு தனி). தமிழ் யூடியூபில் கிடைப்பது ஃபேஷியல் செய்முறைதான். இங்குள்ள பார்லர்களில் மெஷின் இருக்கிறது, பட்டனைத் தாண்டி விளக்க ஆளில்லை. பிசிக்ஸ் டியூஷன் சார் ஆனோடு, கேத்தோடு சொன்னார். தோலில் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் கால்வானிக் மெஷினை முன்னால் வைத்து, தியரியோடு தமிழில் சொல்லித்தர யாராவது இருக்கிறார்களா?