விதைக்காத நிலத்துக்கு வாடகையா?

கேள்வி: மாமனார் காலமானபின் அமெரிக்காவின் கான்சாஸில் 80 ஏக்கர் எங்கள் கைக்கு வந்திருக்கிறது. பாதி சரிவு. ஒரு மழை பெய்தால் மேல்மண் வழிந்து சாலையோர வாய்க்காலில் சேற்றுப் பாயாக விரிந்து கிடக்கிறது. மண் அரிப்பைத் தடுக்க நிலத்தைப் பயிரிடாமல் விடச் சொல்லும் சி.ஆர்.பி. திட்டத்தில் சேர்த்தால் அரசு வருடா வருடம் வாடகை தருமாமே, சும்மா போட்டு வைத்தால் போதுமா?

பதில் 1: சும்மா இல்லை. புல்லோ மரமோ வளர்த்தே ஆக வேண்டும். அந்தச் செலவில் பாதிவரை தருவார்கள். ஒப்பந்தம் 10 முதல் 15 வருடம். பொதுவாக 12 மாதமாவது நிலம் உங்களிடம் இருந்திருக்க வேண்டும், வாரிசாக வந்ததற்கு விலக்கு உண்டு. உங்கள் கவுன்டியில் (மாவட்டத்தில்) உள்ள எஃப்.எஸ்.ஏ. என்ற அரசு விவசாயச் சேவை அலுவலகத்தில் கேளுங்கள்.

பதில் 2: நான் போட்டு ஏழு வருடம். முதல் இரண்டு வருடம் புல்லைத் தேடத்தான் வேண்டியிருந்தது, அத்தனை களை! பறவை கூடு கட்டும் பருவத்தில் வெட்டவும் கூடாது. பக்கத்து நிலத்துக்காரர் வேலியோரம் நின்று முறைப்பார். பணம் அக்டோபரில் வந்துவிடும். நடுவில் முறித்தால் வாங்கியதை வட்டியோடு கட்டணும், அபராதம் தனி.

கேட்டவர்: சரி, அப்போ சரிவை மட்டும் கொடுத்துவிட்டு, சமதளத்தில் கோதுமையே போடுகிறேன்.