கனெக்ட் ஆகலைன்னா லைப்ரரி வாயத் திறக்கணுமா, வேணாமா?

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்:
திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு. வே பிரிட்ஜ்ல லாரி ஏறினா எடை தண்டையார்பேட்டை ஆபீஸ் சர்வருக்குப் போகணும். புரோகிராமுக்குப் புரோகிராம் மெசேஜ் அனுப்புற ஜீரோஎம்க்யூ லைப்ரரி, அதுல அனுப்ப மட்டும் தெரிஞ்ச புஷ் சாக்கெட். நேத்து சர்வர் படுத்துடுச்சு. கனெக்ட்டும் ஓகே, சென்ட்டும் ஓகேன்னுச்சு. ஆபீஸ்ல ஒரு எடைகூட விழல. ராத்திரி புரோகிராமை மூடப் போனா தொங்குது, ஆபரேட்டர் பவர் பட்டனையே அமுக்கிட்டார். எல்லாம் போச்சு. ஒரு எர்ரர் குடுத்தா இன்னா கேடு?

காசிமேடு_வலை:
தம்பி, அதை அப்படித்தான் கட்டியிருக்காங்க. எதிர்ல ஆளே இல்லாட்டியும் கனெக்ட் உடனே திரும்பிடும். பின்னாடி தனியா ஓடுற ஒரு த்ரெட், டீஃபால்ட்டா 100 மில்லிசெகண்ட் இடைவெளில, தட்டிக்கினே இருக்கும். கரன்ட் போய் வந்தா எந்த மெஷின் முதல்ல எழுந்தாலும் தானா சேர்ந்துக்கும். கேட்கிற பக்கம் போர்ட்டைப் புடிக்கிற பைண்ட் மட்டும் வேற, அந்த போர்ட்டை ஏற்கெனவே எவனாவது புடிச்சிருந்தா அங்கேயே எர்ரர்.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்:
தட்டட்டும்ணா. கதவு திறக்கலைன்னு யார் சொல்றது? ஐபியைத் தப்பா அடிச்சாலும் இதே கம்முனுதான் இருக்கும். லைப்ரரி இல்லாம நேரா சாதா டிசிபி நெட்வொர்க் இணைப்புல கேட்க ஆளில்லாத போர்ட்டுன்னா ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ன்னு மூஞ்சிலயே அடிக்கும்.

மணலி_பைப்லைன்:
இமீடியட் ஆப்ஷனை 1 ஆக்குங்க. கனெக்‌ஷன் முழுசா ஆகாத க்யூல மெசேஜ் போடாது. காத்திருக்காதேன்னு சொல்ற டோன்ட்வெயிட்டோட சென்ட் பண்ணா, ‘இப்ப முடியல, அப்புறம் வா’ன்ற ஈஅகெய்ன் எர்ரர் வரும். ஒவ்வொரு ரீட்ரையையும் பார்க்கணும்னா சாக்கெட் மானிட்டர் இருக்கு.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்:
அதான் என் கேள்வி. அது ஏன் டீஃபால்ட்டா இல்ல?

காசிமேடு_வலை:
இருந்தாலும் உன் எடை தப்பிச்சிருக்காதுபா. டிசிபில சென்ட் ஓகேன்னா உன் மெஷினோட கெர்னல் பஃபர்ல விழுந்துச்சு, அவ்ளோதான். கேபிளை உருவிப் பாரு. எதிர்ல உயிர் இருக்கான்னு பார்க்கிற கீப்அலைவ் போட்டிருந்தாலும் லினக்ஸ் டீஃபால்ட்ல 2 மணி நேரம் சும்மா கிடந்தப்புறம்தான் எட்டிப் பார்க்கும். எடையை ஒரு சீட்டு நம்பரோட முதல்ல டிஸ்க்ல எழுது. சர்வர் அந்த சீட்டு நம்பரைத் திருப்பி அனுப்பினா அழி. புஷ் ஒருவழி, அதனால ரெண்டு பக்கமும் பேசுற டீலர்-ரூட்டர் சாக்கெட் ஜோடிக்கு மாறிடு.

அப்புறம், புரோகிராம் தொங்குச்சுன்னியே? மூடும்போது எவ்ளோ நேரம் காத்திருக்கணும்னு சொல்ற லிங்கர் ஆப்ஷன் டீஃபால்ட் -1, அதாவது முடிவே இல்லாம. அனுப்பாததை அனுப்பாம வெளிய போக மாட்டேன்னு உன் சீட்டுங்களுக்காகத்தான் அது நின்னுக்கினு இருந்துது.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்:
அதையாவது ஸ்க்ரீன்ல ஒரு வரி சொல்லிருந்தா ஆபரேட்டர் ஏன் பட்டன்ல கை வைக்கப் போறார்? பதில் நம்பர் வாங்குறதை இன்னிக்கே எழுதிடறேன். டீஃபால்ட் விஷயத்துல மட்டும் உங்க கட்சிக்கு வரமாட்டேன்ணா.

மணலி_பைப்லைன்:
சர்வர் பக்கம் ஒரே சீட்டு ரெண்டு தடவை வந்தா தள்ளிடற மாதிரியும் எழுதிடுங்க.