பள்ளிக் கணினியில் என் பி.பி.டி.யின் தமிழ் முழுக்கக் குப்பையாகத் தெரிகிறது, வியாழன் வகுப்பு. உதவி தேவை

பயிற்சி ஆசிரியை (செவ்வாய் இரவு)

வணக்கம். பி.எட். இரண்டாம் ஆண்டு, ஃபிசிக்கல் சயின்ஸ். விழுப்புரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் 16 வார இன்டர்ன்ஷிப் போய்க்கொண்டிருக்கிறது. வியாழக்கிழமை பத்தாம் வகுப்புக்கு மின்னோட்டவியலில் ஓம் விதியும், தொடர் இணைப்பு, பக்க இணைப்பும் எடுக்க வேண்டும். கல்லூரியிலிருந்து அப்சர்வேஷனுக்கு வருகிறார்கள். "டெக்னாலஜி பயன்படுத்தியிருக்க வேண்டும்" என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

18 ஸ்லைடு தயார் செய்தேன். என் லேப்டாப்பில் அழகாக இருக்கிறது. இன்று பள்ளி லேபில் போட்டுப் பார்த்தால் தமிழே இல்லை. "தமிழ்" என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. எல்லா ஸ்லைடும் இப்படித்தான். என் லேப்டாப்பைக் கொண்டுபோகலாம் என்றால், அதில் எச்.டி.எம்.ஐ. மட்டும்தான். அங்கிருக்கும் புரொஜெக்டரில் பழைய நீல நிற வி.ஜி.ஏ. ஒயர். லேபில் நெட்டும் நிலையாக இல்லை.

கல்வித் தொழில்நுட்பம் தாளில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள்தான் நான். ஒரு புரொஜெக்டரை என் கையால் ஆன் செய்தது இந்த மாதம்தான்.

லினக்ஸ்காரன்

இரண்டு கேள்வி. அந்தக் கணினியில் இருப்பது விண்டோஸா, லினக்ஸா? நீங்கள் தட்டச்சு செய்த எழுத்துருவின் பெயர் என்ன?

பயிற்சி ஆசிரியை

லினக்ஸ் அண்ணா, லிப்ரே ஆபீஸில் திறந்தது. தட்டச்சு நான் செய்யவில்லை. எங்கள் கல்லூரிக்கு எதிரே உள்ள கடையில் கொடுத்தேன், அவர்களே என் லேப்டாப்பிலும் எழுத்துருவைப் போட்டுக் கொடுத்தார்கள். பாமினி என்று காட்டுகிறது.

டி.டி.பி. கடை

ஜே, கே, பி, ஓ என்றதுமே தெரிந்துவிட்டது. இருபது வருஷமாக இதிலேயே குடித்தனம் நடத்துகிறேன்.

தங்கச்சி, உங்கள் கோப்புக்குள் தமிழே இல்லை. இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்துகள்தான். பாமினி என்பது ஒரு வேஷம்: ஜே-க்கு "த" முகம், கே-க்கு "ம" முகம், பி-க்கு இகரக் குறி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் அப்படி இல்லை. "த" என்றால் அதற்கென்றே தனி எண், எந்தக் கணினியில் எந்தத் தமிழ் யூனிகோடு எழுத்துரு இருந்தாலும் "த"தான். 2010-இலேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. எங்களைப் போன்ற கடைகள்தான் அச்சுக்காக இன்னும் பழையதை விடாமல் வைத்திருக்கிறோம். பழியில் கொஞ்சம் எங்களுக்கும் உண்டு.

என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றி எதிலாவது "பாமினியிலிருந்து யூனிகோடு" என்று கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

லினக்ஸ்காரன்

அண்ணன் சொல்வதுதான் நிரந்தர வழி. அவசரத்துக்கு ஒன்று: அந்த எழுத்துருக் கோப்பை, அதாவது டி.டி.எஃப். கோப்பை, பென் டிரைவில் கொண்டுபோங்கள். லினக்ஸில் அதை இரட்டைச் சொடுக்குச் செய்தால் பெரும்பாலும் ஒரு சாளரம் திறந்து "இன்ஸ்டால்" பொத்தான் வரும். உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் நிறுவுவதால் கடவுச்சொல் கேட்காது. பிறகு லிப்ரே ஆபீஸை மூடித் திறங்கள்.

அதுவும் சரிப்படாவிட்டால், வீட்டிலேயே பி.டி.எஃப். ஆகச் சேமித்துவிடுங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே அடங்கிவிடும், அசைவூட்டம் மட்டும் போய்விடும். போனால் போகட்டும், பறந்து வரும் எழுத்தைப் பார்த்து யாரும் ஓம் விதி கற்றதில்லை.

எச்.டி.எம்.ஐ.-யிலிருந்து வி.ஜி.ஏ.-வுக்கு மாற்றும் சின்ன அடாப்டர் கிடைக்கிறது. வாங்கும்போது திசையைச் சொல்லி வாங்குங்கள், எதிர்த் திசைக்கு வேறு சாதனம். மாட்டியதும் விண்டோஸ் சாவியையும் பி-யையும் சேர்த்து அழுத்தி "டூப்ளிகேட்" கொடுங்கள்.

பயிற்சி ஆசிரியை (புதன் மாலை)

மாற்றியில் போட்டேன். தமிழ் எல்லாம் சரியாக வந்துவிட்டது, மிக்க நன்றி அண்ணா! ஆனால் ஓம் விதி போய்விட்டது. சமன்பாட்டில் வி இருந்த இடத்தில் "ஏ" என்றும், ஐ-யும் ஆரும் சேர்ந்த இடத்தில் "ஐசு" என்றும் வருகிறது. மின்னழுத்த வேறுபாடு ஐசுக்குச் சமம் என்று எப்படி நடத்துவது?

டி.டி.பி. கடை

ஹா ஹா. இதைச் சொல்ல மறந்தது என் தப்பு. ஸ்லைடில் எது பாமினி, எது சாதாரண ஆங்கிலம் என்று எழுத்துருதான் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தது. மொத்தமாக நகலெடுத்து மாற்றியில் ஒட்டியதும் அந்த வித்தியாசம் போய்விட்டது. பாமினியில் பெரிய வி என்றால் ஏ, பெரிய ஐ என்றால் ஐ, பெரிய ஆர் என்றால் சு. அதனால்தான் ஐசு. தமிழ்ப் பத்திகளை மட்டும் தனித்தனியாக மாற்றுங்கள். சூத்திரம், அலகு, எண்ணோடு வரும் குறிகளைத் தொடவே தொடாதீர்கள். விட்டுப்போன வரிகளைக் கைப்பேசியில் தமிழில் பேசியே தட்டச்சு செய்துவிடலாம், இனி கடைக்கே வர வேண்டாம். (தொழிலுக்குக் கேடுதான், என்ன செய்வது.)

கரும்பலகை

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். தொழில்நுட்பத்தைப் பற்றி மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்கு உறுத்துவது அந்த 18 ஸ்லைடு.

40 நிமிடப் பீரியடில் 18 ஸ்லைடு என்றால் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டேதான் இருப்பார்கள். பாடப் புத்தகத்தில் இருக்கும் வரையறையை மறுபடி திரையில் போடுவது எதற்கு? புத்தகத்தால் செய்ய முடியாததை மட்டும் திரைக்குக் கொடுங்கள்.

கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகப்படுத்தல்கள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள், இலவசம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002-இல் தொடங்கி வைத்தது. அதில் மின்சுற்று கட்டும் ஒன்று இருக்கிறது: பேட்டரி, பல்பு, ஒயர், சுவிட்ச், அம்மீட்டர், வோல்ட்மீட்டர் எல்லாம் இழுத்து வைக்கலாம். இன்றிரவே ஒரே கோப்பாகத் தரவிறக்கிப் பென் டிரைவில் வையுங்கள், நெட் இல்லாமல் பிரவுசரிலேயே திறக்கும். லினக்ஸா விண்டோஸா என்ற தொல்லையும் இல்லை, எழுத்துருச் சண்டையும் இல்லை.

திறந்ததும் நீங்களே செய்து காட்டிவிடாதீர்கள். ஒரு பல்பு எரிகிறது, அதே சுற்றில் தொடர் இணைப்பாக இரண்டாவதைச் சேர்த்தால் வெளிச்சம் என்ன ஆகும்? கை தூக்கச் சொல்லி எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அப்புறம் ஒரு மாணவியைக் கூப்பிட்டு இணைக்கச் சொல்லுங்கள். பக்க இணைப்புக்கும் அப்படியே. ஸ்லைடு நான்கு போதும்.

இன்னொன்று. மேசைக்கடியில் இரண்டு டார்ச் பல்பும் பேட்டரியும் ஒயரும் இருக்கட்டும். பாதியில் கரண்ட் போனாலும் மின்னோட்டப் பாடம் நடக்கும்.

பயிற்சி ஆசிரியை

சார், அப்சர்வர் "பி.பி.டி. எங்கே" என்று கேட்டால்?

கரும்பலகை

பாடக் குறிப்பேட்டில் கற்பித்தல் துணைக்கருவி என்ற இடத்தில் உருவகப்படுத்தல் என்று எழுதி, எந்த நிமிடத்தில், எதற்காக என்பதையும் எழுதிவிடும்மா. படித்துப் பார்ப்பவர் கேட்கமாட்டார்.

பயிற்சி ஆசிரியை (வியாழன் இரவு)

முடிந்தது! கரண்ட் போகவில்லை. ஆனால் அடாப்டர் இல்லாமலே பள்ளிக் கணினியில் ஃபெட் ஓடிவிட்டது, 220 ரூபாய் வீண். இரண்டாவது பல்பைச் சேர்த்தால் "வெளிச்சம் மாறாது" என்று வகுப்பில் பாதிக்கு மேல் கை தூக்கினார்கள். மங்கியதும் ஒரே சத்தம்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "மிஸ், புத்தகத்தில் அம்புக்குறி பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்குப் போகிறது, இங்கே உருண்டை எல்லாம் தலைகீழாக ஓடுகிறதே" என்றான். எனக்குப் பதில் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. நாளை சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டேன். அவனுக்கு எப்படிச் சொல்வது?

கரும்பலகை

அந்தப் பையனை முன் பெஞ்சுக்குக் கொண்டுவாம்மா.

திரையில் ஓடிய உருண்டைகள் எலக்ட்ரான்கள். பிளஸ், மைனஸ் என்று பிராங்க்ளின் காலத்தில் பெயர் வைத்தபோது ஒயருக்குள் எது ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு என்றே திசையையும் வைத்துக்கொண்டார்கள். 1897-இல் தாம்சன் எலக்ட்ரானைக் கண்டபோது அதற்கு எதிர்மின்சுமை என்று தெரிந்தது, அதற்குள் திசை ஊன்றிவிட்டது. அந்த உருவகப்படுத்தலிலேயே மின்னோட்டத்தைக் காட்டும் இடத்தில் எலக்ட்ரான், மரபு மின்னோட்டம் என்று இரண்டு தெரிவு இருக்கும். நாளை அவனையே கூப்பிட்டு மாற்றச் சொல். உருண்டைகளுக்குப் பதில் எதிர்த் திசையில் அம்புகள் ஓடும், அம்மீட்டர் எண் மாறுகிறதா என்று மட்டும் வகுப்பைக் கேள்.

பயிற்சி ஆசிரியை

இப்போதே திறந்து மாற்றிப் பார்த்தேன் சார். எண் அப்படியே நிற்கிறது. நாளை முதல் பீரியடே அவர்களுக்குத்தான்.

டி.டி.பி. கடை

அந்த அடாப்டரைத் தூக்கிப் போடாதீர்கள் தங்கச்சி. அடுத்த பள்ளியில் லினக்ஸும் இருக்காது, கணினியும் இருக்காது.