புதுப்பிப்பு: இலை கொட்டின பொயின்செட்டியா

போன கிழமை கேட்டிருந்தேன், நத்தாருக்கு வாங்கின பொயின்செட்டியா (மேலிலை சிவக்கிற சாடிச்செடி) ஏன் மஞ்சளாகி இலை கொட்டுது எண்டு. ஆள் பிழைச்சிட்டுது!

சாடியைச் சுத்தியிருந்த மினுங்கல் தாளைக் கழட்டினால் அடியில ரெண்டு விரல் தண்ணி, வேர் நுனி கறுத்து அழுகல் மணம். திருகோணமலை மார்கழி மழை ஈரம் போதாதெண்டு நான் வேற தினமும் ஊத்தியிருக்கிறன். இப்ப மேல்மண் காய்ஞ்சால்தான் தண்ணி. ஃபான் காத்துப் படாத கிழக்கு யன்னலடி. நேற்று ரெண்டு துளிர்.

சிவப்பு உதிர்ந்தாலும் பயப்பிடாதேங்கோ, அது பூவில்லை, இலைதான். பூ நடுவில இருக்கிற மஞ்சள் குமிழ். திரும்பச் சிவக்க 8 கிழமையளவு தினமும் 14 மணித்தியாலம் நல்ல இருட்டு வேணும். ஐப்பசியில பின்னேரம் அட்டைப்பெட்டியால மூடிப் பாப்பம். (அம்மா இப்பவே சிரிக்கிறா.)