ஆண்டோர் இரண்டு எபிசோடோடு நிற்கிறது, மேலே பார்க்கலாமா?

வண்ணார்பேட்டை வாசி:
ஸ்டார் வார்ஸில் நான் பார்த்தது பழைய மூன்று படங்களும் 2016-இல் வந்த ரோக் ஒன்னும்தான். ரோக் ஒன்னில் வரும் காசியன் என்கிற உளவாளியின் முன்கதைதான் ஆண்டோர், அந்தப் பெயரில் வந்த சீரியல்களில் இது ஒன்றுதான் உருப்படி என்று ஆபீசில் ஒருத்தர் விடாமல் அரித்துக்கொண்டே இருந்தார். சரி என்று சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்தேன். மழையில் நடந்து போகிறான், வம்புக்கு வந்த காவலாளிகளில் ஒருத்தன் தவறிச் செத்துப்போக இன்னொருத்தனை இவனே சுடுகிறான், அப்புறம் ஊருக்கு வந்து ஆளாளுக்கு ஒரு பொய்யைச் சொல்லித் திரிகிறான். இரண்டாவது எபிசோடிலும் அதே ஊர், அதே முகங்கள். பாதியில் தூங்கிவிட்டேன். லைட்சேபர் எப்போது வரும் என்று கேட்கவில்லை, ஏதாவது ஒன்று எப்போது நடக்கும் என்றுதான் கேட்கிறேன். நல்லது கெட்டது இரண்டையும் ஒளிக்காமல் சொல்லுங்கள், முடிவைப் போட்டு உடைத்தாலும் பரவாயில்லை.

குறுக்குத்துறை:
தம்பி, மூன்றாவதுக்கு முந்தி நிறுத்தினீர் பாரும், அங்கேதான் தப்பு. 2022 செப்டம்பரில் முதல் மூன்றையும் ஒரே நாளில் விட்டார்கள். மூன்றாவதைப் பார்த்தால் ஏன் என்று உமக்கே தெரியும்.

நீர் சலித்துக்கொண்ட அந்த ஊர்தான் இந்த சீரியலின் பெரிய பலம் என்பேன். ஃபெரிக்ஸ் என்றால் ஊரே ஓர் ஆக்கர் கடை, பழைய கப்பலைப் பிரித்து விற்றுப் பிழைக்கிற சனம். சுவரில் வரிசையாகக் கையுறை தொங்கும், கவனித்தீரா? அவரவர் கையுறை அவரவர் இடத்தில். காலையில் ஒரு ஆள் கோபுரத்தில் ஏறிச் சம்மட்டியால் அடித்துத்தான் ஊரை எழுப்புவார். செத்தவர்களின் சாம்பலைச் செங்கல்லாக்கிச் சுவரில் வைத்துக் கட்டுவார்கள். கடைசி எபிசோடில் காசியனை வளர்த்த மார்வா அம்மாவின் துஷ்டி ஊர்வலத்தில் அந்தச் செங்கல்லை வைத்தே ஒருத்தன் சிப்பாயை அடிப்பான். இரண்டாவது எபிசோடில் தூங்கினவருக்கு அந்த அடி விளங்காது.

அடுத்தது நார்க்கினா 5 ஜெயில், எட்டு முதல் பத்து வரைக்கும். கடலுக்கு நடுவில் கட்டிடம். கைதிகள் எல்லாரும் வெறுங்கால், ஏனென்றால் தரையில் மின்சாரம் பாய்ச்சுவார்கள், கம்பி வேலி வேண்டாம், பூட்டுகூட வேண்டாம். ஒரு மேசைக்கு ஏழு பேர், ஒரு அறைக்கு ஏழு மேசை, ஷிப்டு முடியும்போது எந்த மேசை பின்தங்கியதோ அதற்கு ஷாக். முந்தின மேசைக்குச் சாப்பாட்டில் ருசி சேர்த்துக் கொடுப்பார்கள், அவ்வளவுதான் பரிசு! மேஸ்திரி கினோ லாய் என்று ஒருத்தர், அவரும் கைதிதான், ஒழுங்காக வேலை பார்த்தால் விட்டுவிடுவார்கள் என்று நாளை எண்ணிக்கொண்டிருப்பார். விடுதலையான ஆளை இன்னொரு மாடியில் கொண்டுபோய் அடைக்கிறார்கள் என்று தெரிகிற இடத்தில் அவர் முகத்தைப் பாரும். அத்தனை பேரையும் கிளப்பிவிட்டு, விளிம்பில் வந்து நின்று, எனக்கு நீச்சல் தெரியாது என்பார். கூட்டம் இடித்ததில் காசியன் கடலில் விழுவான். அதற்குப் பிறகு கினோவைக் காட்டவே மாட்டார்கள். நடக்கப் பழகினதுமே ஆற்றில் தூக்கிப் போட்டு நீச்சல் பழக்கின ஊர்க்காரன் நான், அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் கைதிகள் என்ன சாமான் செய்தார்கள் என்பது கடைசி எபிசோடில் பெயரெல்லாம் ஓடி முடிந்த பிறகு வரும். எழுந்து போய்விடாதீர்.

தென்காசிச் சாரல்:
அண்ணாச்சி சொன்னது பூராவும் முதல் சீசன் கதை. இரண்டாவதைப் பற்றி வாயே திறக்கவில்லை பார்த்தீர்களா?

வருடத்துக்கு ஒன்றாக ஐந்து சீசன் எடுப்பதாகத்தான் முதலில் நினைத்திருந்தார்கள். எடுக்க எடுக்கத்தான் ஆகிற காரியமில்லை என்று தெரிந்தது, மிச்சமிருந்த நாலு வருடத்தையும் பன்னிரண்டு எபிசோடுக்குள் திணித்துவிட்டார்கள். மூன்று எபிசோடுக்கு ஒரு வருடம், நடுவில் என்ன நடந்தது என்பதை நாமாக ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். 2025 ஏப்ரலில் தொடங்கி வாரம் மூன்றாக நாலே வாரத்தில் முடித்தும் விட்டார்கள். இதில் முதல் மூன்று எபிசோடில் கதாநாயகன் காட்டுக்குள் ஒரு சில்லறைக் கும்பலிடம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அவர்களோ தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்கிறார்கள். ரெண்டு நிமிட வேடிக்கைக்கு இவ்வளவு நேரமா?

எனக்கு உண்மையான கோபம் காசியனின் தோழி பிக்ஸ் விஷயத்தில். முதல் சீசனில் எப்படிப்பட்ட பெண் அவள், சொந்தக் கடை, சொந்தத் தொடர்பு, போராட்டத்தை மறைவில் இருந்து நடத்துகிற லூத்தனுக்குத் தகவல் போவதே அவள் வழியாகத்தான். அப்புறம் சித்திரவதை, அப்புறம் தூக்கமில்லாமல் மருந்து, கடைசியில் காசியன் போராட்டத்தை விட்டுவிடக் கூடாது என்பதற்காகத் தானாக விலகிப் போகிறாள். அவளுக்கென்று ஒரு கதையே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். காசியனின் தங்கச்சி? அவளைத் தேடித்தானே முதல் எபிசோடே தொடங்குகிறது. இரண்டு சீசன் முடிந்தும் ஒரு பதில் இல்லை. கேட்டால் வாழ்க்கை அப்படித்தான் என்பார்கள், போங்கள் அண்ணாச்சி.

போராட்டத்துக்கு ரகசியமாகப் பணம் கொடுக்கிற செனட்டர் மோன் மோத்மா வீட்டுக் கல்யாணம் மட்டும் பிரமாதம். கணக்கில் விழுந்த துண்டை மறைக்க உதவின ஆளுக்கே சம்பந்தியாகி, மூன்று நாள் விசேஷத்தில் சிரித்த முகமாக நிற்கிற தாய். நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் பார்க்காத முகமா அது?

வீரவநல்லூர் தறி:
பிக்ஸ் பற்றிச் சொன்னது சரி, நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இரண்டாவது சீசனில் கோர்மன் இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் பேச முடியாது.

கோர்மன் துணிக்குப் பேர்போன ஊர், சிலந்திப் பட்டு நூலில் நெய்கிறவர்கள். தறிச் சத்தத்தில் வளர்ந்ததாலோ என்னவோ, முதல் காட்சியிலேயே எனக்கு ஒட்டிக்கொண்டது. பேரரசுக்கு வேண்டியது அங்கே மண்ணுக்கடியில் இருக்கும் ஒரு கனிமம். எடுத்தால் ஊர் மிஞ்சாது. அதனால் முதலில் அவர்கள் திமிர் பிடித்தவர்கள் என்று நாடு முழுக்கப் பேச்சைக் கிளப்புகிறார்கள், அப்புறம் உள்ளூர்ப் போராட்டக்காரர்களைத் தாங்களே உசுப்பிவிடுகிறார்கள், சுடுவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே. எட்டாவது எபிசோடில் சதுக்கம் நிறைந்து ஜனம் பாடிக்கொண்டிருக்கும், சுற்றி வழியை அடைத்துக்கொண்டே வருவார்கள்.

நான் அங்கே நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். 1999 ஜூலை 23 எங்கள் வீட்டில் அடிக்கடி அடிபடும் தேதி. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலம், தடியடி, ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் தாமிரபரணி, செத்தது பதினேழு பேர். அதையும் இதையும் ஒன்று என்று சொல்லவில்லை. எங்கோ லண்டன் பக்கம் செட் போட்டு எடுத்த கற்பனை ஊர், அந்த வழி அடைபடுகிற விதத்தை மட்டும் எப்படி இவ்வளவு சரியாகப் பிடித்தார்கள் என்றுதான் யோசித்தேன்.

அடுத்த எபிசோடில் மோன் மோத்மா செனட்டில் பேசுவாள். அதை எழுதிய டான் கில்ராய்க்கு 2025 எம்மி கிடைத்தது, தகும். குறை என்றால், கதைக்குப் பெயரே காசியன் ஆண்டோரின் பெயர்தான், கோர்மனில் அவன் இல்லாமலேயே எல்லாம் நடந்திருக்கும்.

குறுக்குத்துறை:
தங்கச்சி கதை ஓட்டைதான், ஒத்துக்கொள்கிறேன். காடும் இழுவைதான். காசியனைப் பிடிக்கத் துடித்த கம்பெனிப் போலீஸ்காரன் சிரிலின் அம்மாவை மட்டும் யாரும் குறை சொல்லக் கூடாது. வேலை போய் வீட்டுக்கு வந்த பிள்ளைக்குச் சாப்பாட்டை வைத்துவிட்டுக் குத்திக் காட்டுகிற அந்தம்மா எங்கள் தெருவிலேயே நாலு பேர்!

வண்ணார்பேட்டை வாசி:
நேற்று ராத்திரி மூன்றாவதைப் போட்டேன். கம்பெனிப் போலீஸ் தெருவுக்குள் நுழைந்ததும் ஊர்க்காரர்கள் கையில் கிடைத்ததை எடுத்துத் தகரத்திலும் குழாயிலும் தட்டத் தொடங்கினார்களே, நானும் சவுண்டைக் கொஞ்சம் கூட்டித்தான் வைத்திருந்தேன். உள்ளே படுத்திருந்த அம்மா எழுந்து வந்து, "யாருல இந்நேரம் கதவத் தட்டுதா?" என்று தாழ்ப்பாளைத் திறக்கப் போய்விட்டாள்.